கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் இன்னொருவர்: அம்பாறைக் கரையோர வீடுகளும் வலுசக்தி வினைத்திறனும்

ஒரே அளவு வெளிச்சத்தையும் காற்றையும் சமைத்த உணவையும் முன்னையிலும் குறைந்த மின்சாரத்தில் அல்லது எரிபொருளில் பெறுவதே வீட்டு வலுசக்தி வினைத்திறன் எனப்படுகிறது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பது இதில் சேராது. அறுபது வாட் மின்குமிழ் எரிந்த இடத்தில் ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் ஒன்பது வாட் எல்.ஈ.டி. குமிழை மாட்டுவது சேரும். இலங்கையில் மின்சாரம் பற்றிய அரச அறிவித்தல்கள் பெரும்பாலும் முதலாவதையே மக்களிடம் கேட்டு வந்துள்ளன என்பதையும், மாதம் முப்பது அலகுக்குள் வாழும் குடும்பத்திடம் அணைப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை என்பதையும் இவ்விடயத்தை ஆராய்வோர் முதலிலேயே மனங்கொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்கும் என்று தெரிந்த பொருளையும் மக்கள் ஏன் வாங்காமல் விடுகிறார்கள் என்ற கேள்வி பொருளியலில் பழையது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜெரி ஹவுஸ்மன் 1979இல் குளிரூட்டி வாங்குவோரின் தெரிவுகளை ஆராய்ந்தபோது, எதிர்காலத்தில் கிடைக்கப்போகும் சேமிப்பை அவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது வீதம் கழித்தே மதிப்பிடுகிறார்கள் என்பதையும், வருமானம் குறையக் குறைய இந்தக் கழிவு வீதம் மேலும் ஏறுகிறது என்பதையும் கண்டார். நாளைய சேமிப்பைக் காட்டிலும் இன்றைய கைக்காசு ஏழைக்குப் பெரிதாகத் தெரிவது அறியாமையால் வருவதில்லை. கடன் வாங்கும் வழிகள் அடைபட்டிருப்பவருக்கு அதுவே சரியான கணக்கு. பணமின்மை, தகவலின்மை ஆகியவற்றோடு மூன்றாவது தடையொன்றையும் ஆய்வாளர் குறிப்பிடுவர். வீட்டையோ கருவியையோ தெரிவு செய்பவர் ஒருவராகவும் அதன் செலவை மாதாமாதம் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலை அது. பிளவுபட்ட ஊக்கம் என்று அதனை அழைக்கலாம். நூல்களில் இதற்குத் தரப்படும் உதாரணம் வீட்டு உரிமையாளரும் வாடகைக்காரரும். வாடகை வீடுகள் பெருவழக்காக இல்லாத அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் அதே பிளவு வேறு வடிவத்தில், குடும்பத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது என்பதும், அரசின் மின்கட்டண முறையும் சூரிய மின்சார ஊக்குவிப்பும் மின்மானியை மட்டும் பார்த்து வீட்டைப் பார்க்காமல் விட்டதால் அப்பிளவு ஆழமாகியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டி நீளும் ஊர்களில் மீன்பிடி, வர்த்தகம், அரச உத்தியோகம், மருதமுனையின் கைத்தறி, வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் ஆகியவை வருமானத்துக்கு வழி. இறக்காமமும் அதன் அயலிலுள்ள வரிப்பத்தான்சேனையும் கடலை விட்டு உள்ளே, குளத்தையும் வயல்வட்டைகளையும் ஒட்டி அமைந்தவை. அங்கே பெரும்போகத்திலும் சிறுபோகத்திலுமாக ஆண்டுக்கு இரண்டு தடவையே வேளாண்மைக் காசு கைக்கு வரும், மின் பட்டியலோ பன்னிரண்டு தடவை வரும். காலநிலை இரண்டு பகுதிகளுக்கும் பொதுவானது. வாடைக் காற்றோடு வரும் மழை ஜனவரிக்குப் பிறகு ஓய்ந்து, ஏப்ரலில் வெயில் ஏறி, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மலைநாட்டைக் கடந்து ஈரத்தை இழந்த கச்சான் வறண்டு வீசும். கரையோர ஊர்களுக்குப் பிற்பகலில் கடற்காற்றாவது ஆறுதல் தரும்; உள்ளே அமைந்த ஊர்களுக்கு அது தளர்ந்த பிறகே வந்து சேரும்.

அலகும் விலையும்

2014 செப்டெம்பர் முதல் 2022 ஓகஸ்ட் வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இலங்கையில் வீட்டு மின்கட்டணம் மாறவில்லை. மாதம் முப்பது அலகு வரை பாவிக்கும் வீடு அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணமாக 30 ரூபாயும் செலுத்தியது. 180 அலகைத் தாண்டிய வீடு மேலதிக ஒவ்வோர் அலகுக்கும் 45 ரூபாய் செலுத்தியது. ஏழைக்கு மலிவாகவும் வசதியுள்ளவருக்கு விலையாகவும் மின்சாரம் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம், அந்த அளவில் அது நியாயமானதே. ஆனால் இதே பட்டியல் வினைத்திறனின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு கதை சொல்கிறது.

சாதாரண மேற்கூரை மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் சுழன்றால் மாதத்தில் 27 அலகு. தூரிகையற்ற நேரோட்ட மோட்டார் பொருத்திய புதிய வகை மின்விசிறி அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தருவதால் 10.8 அலகோடு நின்றுவிடும், மிச்சம் 16.2 அலகு. முப்பது அலகுக்குள் வாழ்ந்த வீட்டுக்கு அந்த மிச்சத்தின் பெறுமதி மாதம் 40 ரூபாய் 50 சதம், 180ஐத் தாண்டிய வீட்டுக்கோ 729 ரூபாய். புதிய மின்விசிறி பழையதை விட ஆறாயிரம் ரூபாய் கூடுதல் விலை என்று வைத்துக்கொண்டால், வசதியான வீட்டுக்கு அத்தொகை ஒன்பது மாதத்துக்குள் திரும்பிவிடும். ஏழை வீட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும், அதற்குள் மின்விசிறியின் ஆயுளும் முடிந்துவிடும். மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று சுவரொட்டிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சேமித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விலைப்பட்டியல் ஏழைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னர் எல்லாம் ஒரே மூச்சில் தலைகீழாகியது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்த பொருளாதார நெருக்கடியின் தொடர்ச்சியாக, அவ்வாண்டு ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டது. சராசரி என்ற சொல் இங்கே ஏமாற்றக்கூடியது. முப்பது அலகு பாவித்த வீட்டின் மாதப் பட்டியல் 105 ரூபாயிலிருந்து 360 ஆகி, ஆறு மாதத்தில் 1,300 ரூபாயாகியது, அதாவது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். விலை உயர்ந்தால் மக்கள் வினைத்திறனுள்ள கருவிகளுக்கு மாறுவார்கள் என்ற பாடநூல் எதிர்பார்ப்பு, மாறுவதற்குக் கையில் காசும் கடையில் பொருளும் இருக்கும் என்ற நிபந்தனையைக் கொண்டது. அந்த மாதங்களில் இரண்டுமே இருக்கவில்லை; இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மின்சாதனங்களின் விலையும் ஏறியிருந்தது. ஆகவே ஏழை வீடுகள் அறிந்த ஒரே வழியான அணைத்தலுக்குத் திரும்பின, அதற்கும் இயலாத வீடுகளின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. கட்டணம் அதன் பிறகு பல தடவை இறங்கியும் ஏறியும் 2025 ஜனவரியில் அதே முப்பது அலகுக்கு 195 ரூபாயாக வந்து நின்றது. பத்து, பதினைந்து ஆண்டு உழைக்க வேண்டிய குளிர்சாதனப் பெட்டியையோ கூரையையோ பற்றிய தீர்மானத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆடும் விலையை வைத்து எடுக்கச் சொல்வது எந்த வருமானப் படியில் உள்ளவருக்கும் கடினம்.

இந்தப் பட்டியலில் இன்னொரு குழியும் உண்டு. 2014 முறையின்படி அறுபது அலகு பாவித்த வீட்டின் பட்டியல் 280 ரூபாய் 50 சதம். அறுபத்தோராவது அலகு சேர்ந்தவுடன் முதல் அறுபது அலகுக்கும் விலை மாறிப் பட்டியல் 571 ரூபாயாகிவிடும். நகரத்துத் தனி வீட்டுக்கு இது தற்செயலான இடறல். ஆனால் ஒரே வளவுக்குள் மணமான மகளின் வீடும் பெற்றோரின் சிறு வீடும் இருந்து, இரண்டும் ஒரே மின்மானியில் ஓடும் இடங்களில் இது நிரந்தரத் தண்டனை. ஒவ்வொன்றும் 45 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி மின்மானி வைத்திருந்தால் மொத்தம் 415 ரூபாய் 50 சதம் செலுத்தும். ஒரே மின்மானியில் 90 அலகாகச் சேர்ந்துவிட்டால் 861 ரூபாய். இரண்டாவது இணைப்புக்கு ஆகும் செலவைத் திரட்ட முடியாத குடும்பமே ஒரே மின்மானியில் நீடிக்கும் என்பதால், ஏழைக்கு என்று வைத்த சலுகை அதைவிட ஏழையைத் தவறவிடுகிறது. தொகைகள் பின்னர் மாறின, அறுபது அலகில் அமைந்த அந்த மேடு மாறவில்லை.

கூரை

மின்மானிக்கு அப்பால் வீட்டைப் பார்க்கத் தொடங்கினால் கேள்விகள் மாறுகின்றன. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியிருப்பது போல, இக்கரையோரத்தின் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடி முறையும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும் ஊன்றியவை. மகளுக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்துவைக்க வேண்டும் என்பதால், பெண் பிள்ளைகள் உள்ள தகப்பனின் வாழ்நாள் உழைப்பு வீடு கட்டுவதிலேயே கரைகிறது; சகோதரர்களும் வெளிநாட்டுக்குப் போய் உழைத்துச் சேர்க்கிறார்கள். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவின் ஓரத்தில் சிறிய வீடொன்றைப் போட்டுக்கொண்டு பெற்றோர் ஒதுங்குவதும், அடுத்த மகளுக்காக மீண்டும் அத்திவாரம் வெட்டுவதும் ஊருக்கு ஊர் காணக்கூடியவை.

இந்த வழக்கத்தின் சமூக நன்மை தீமைகள் தனி விவாதத்துக்கு உரியவை, சீதனம் பற்றிய மார்க்கரீதியான கண்டனமும் இவ்வூர்களில் புதிதல்ல. இங்கே கவனத்துக்கு உரியது வீட்டின் உடல். திருமணத் திகதிக்கு முன் வீடு முடிய வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது கண்ணில் படுவன முன் விறாந்தையும் தரை ஓடும் கதவு நிலையும்தான். கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு இருக்கிறதா, மேற்குச் சுவர் கச்சான் வெயிலைக் குடிக்குமா என்று அப்போது எவரும் கேட்பதில்லை. தகப்பன் தன் கையிருப்புக்குள் வீட்டை முடிக்கிறார், அதனால் வரும் வெக்கையையும் மின் பட்டியலையும் அடுத்த முப்பது ஆண்டுக்கு மகளும் மருமகனும் சுமக்கிறார்கள். இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் அன்புள்ளவர்களாக இருந்தும் பிளவு இருக்கிறது, ஏனெனில் முதலாவது செலவும் தொடர்செலவும் ஒரே கையில் ஒருபோதும் கணக்கிடப்படுவதில்லை.

கூரையின் வகை வருமானத்தைக் காட்டும். வெக்கையின் நேரமும் அதோடு சேர்ந்து மாறும். தகரக் கூரையும் அஸ்பெஸ்டஸ் கூரையும் மெல்லியவை. நண்பகல் வெயிலை உடனே உள்ளே இறக்கி, பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். ஆகவே அத்தகைய வீடுகளில் சமைக்கும் பெண்ணும் கைக்குழந்தையும் முதியவரும் பகலில் வேகிறார்கள், வெளியே வேலைக்குப் போனவர் திரும்பும்போது வீடு ஓரளவு ஆறியிருக்கும். வசதி வந்த குடும்பம் மேல்மாடி கட்டும் எண்ணத்தோடு கொங்கிரீட் தட்டுப் போடுகிறது. தடித்த கொங்கிரீட் பகல் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பல மணித்தியாலம் கழித்து மஃரிப், இஷா தொழுகைகளுக்குப் பிறகு அதை அறைக்குள் இறக்குகிறது. நாட்டின் மின்தேவை உச்சத்தில் நிற்கும் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையான நேரமும் அதுவே. குளிரூட்டி பூட்டப்படுவது பெரும்பாலும் இந்த வீடுகளில்தான், அது எதிர்த்துப் போராடுவது வெளிக் காற்றை விடத் தலைக்கு மேல் இருக்கும் கொங்கிரீட்டையே. மேல்மாடி பல ஆண்டுகளாகக் கட்டப்படாமலே கம்பிகள் நீட்டியபடி நிற்கும் வீடுகளில், வராத மாடிக்காக இருக்கும் அறைகள் சூடேறிக்கொண்டிருக்கின்றன என்றும் சொல்லலாம்.

ஓட்டுக் கூரையும் பலகை உட்கூரையும் கொண்ட பழைய வீடுகள் இவ்விரண்டு வகையையும் விடக் குளிர்ச்சியானவை. ஆனால் மரத்தின் விலை ஏறியதாலும் ஓட்டுக்குப் பராமரிப்புத் தேவைப்படுவதாலும் அஸ்பெஸ்டஸ் அதன் இடத்தைப் பிடித்தது. 2018 தொடக்கம் அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்த எடுத்த தீர்மானத்தை, இலங்கைத் தேயிலையில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியதை அடுத்து அரசு தளர்த்தியது. இறக்காமத்து வீட்டின் வெக்கைக்கும் மொஸ்கோவின் தேயிலைக் கொள்வனவுக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதை வீட்டுக்காரர் அறிந்திருக்க நியாயமில்லை.

காற்றோட்டமும் இதே வேகத்தில் சுருங்கியிருக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய சுனாமியில் இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து இருநூறு மீற்றர் இடைவெளி என்று முதலில் வகுக்கப்பட்ட விதி, ஏற்கெனவே நெருக்கமாக இருந்த கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீட்டுக் காணியை மேலும் அரிதாக்கியது. காணி பிள்ளைகளுக்குள் பிரிபடப் பிரிபட வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் இடமே மிஞ்சுகிறது. காற்று ஊடுருவிய கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில் எழும்பியதும், பெண்களின் மறைவு கருதி யன்னல்கள் பகலிலும் திரையிட்டு மூடப்படுவதும் மின்விசிறியின் வேலையைக் கூட்டுகின்றன. இதனைப் பண்பாட்டுத் தடை என்று பெயரிட்டுக் கடந்துபோவது எளிது, ஆனால் பயனற்றது. கண் மட்டத்துக்கு மேலே சுவரில் துளைக் கற்கள் வைப்பதாலும், கூரைக்கும் சுவருக்கும் இடையில் சூடான காற்று வெளியேற வழி விடுவதாலும் மறைவும் காற்றும் ஒருங்கே கிடைக்கும். பழைய வீடுகளைக் கட்டிய மேசன்மார் இதை அறிந்திருந்தார்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு மலிவான வழி கூரையின் வெளிப்புறத்துக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு. கறுத்துப் பாசி படிந்த அஸ்பெஸ்டஸ் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சும். புதிய வெள்ளைப் பூச்சு அதில் பெரும்பகுதியைத் தெறித்துவிடும். இந்தியாவின் தெலங்கானா மாநிலம் 2023இல் இதற்கெனக் குளிர்கூரைக் கொள்கையொன்றையே வகுத்து, அரச கட்டிடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அஸ்பெஸ்டஸைக் கம்பித் தூரிகையால் சுரண்டிக் கழுவினால் நுரையீரலைக் கெடுக்கும் நார்கள் காற்றில் பரவும் என்பதால், ஈரப்படுத்தி மென்மையாகத் துடைத்த பின்னரே பூச வேண்டும். கொங்கிரீட் தட்டுக்கும் இதே பூச்சு உதவும், அதைவிட அதற்கு மேலே நிழல் தரும் இரண்டாவது மெல்லிய கூரை உதவும்.

கடனும் வட்டியும்

வசதியுள்ள வீடுகளுக்கு அரசு காட்டிய வழி வேறு. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தின்படி, கூரையில் சோலார் பொருத்தியவர் மின்சார சபைக்கு அனுப்பும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் ஏழு ஆண்டுக்கு 22 ரூபாயும் அடுத்த பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபாய் 50 சதமும் பெற்றார். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் கூரைச் சோலார் கடனுக்கென ஐந்து கோடி டொலர் வழங்கியது. மின் உற்பத்தியின் கோணத்தில் இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. வினைத்திறனின் கோணத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பட்டியல் பூச்சியமாகிவிட்ட வீட்டில் இரண்டாவது குளிரூட்டி பூட்டத் தயக்கம் இருப்பதில்லை. வினைத்திறன் கூடினால் பாவனையும் கூடிவிடும் என்று நிலக்கரியை வைத்து 1865இலேயே எழுதிய பொருளியலாளர் ஜெவன்ஸ் கண்டதற்கு நெருங்கிய நிகழ்வு இது. சோலார் பகலில் தரும், கொங்கிரீட்டின் வெக்கையோ இரவில் கேட்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் மிகையாகவும் இருந்த நேரத்தில் ஏற்பட்ட சிறு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியதும், அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியதும் இந்தப் பொருத்தமின்மையின் வெளிப்பாடுகளே.

கடன் என்று வரும்போது இப்பகுதிக்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டதால், பேணுதலுள்ள குடும்பங்கள் வசதி இருந்தும் வங்கியின் சலுகைக் கடனை நாடுவதில்லை. அரசு வட்டியைக் குறைத்துக் கொடுக்கும் உதவி, வட்டியே வேண்டாம் என்பவரிடம் எடுபடாது. 2005இல் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழிவிட்டது. 2011இல் அமானா வங்கி இம்முறையில் மட்டும் இயங்கும் முதலாவது வணிக வங்கியாகத் தொடங்கியது. முறாபஹா என்ற ஒப்பந்தத்தில் வங்கி பொருளைத் தானே வாங்கி, தன் இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கிறது. இஜாரா என்பதில் பொருளைத் தன் உடைமையாக வைத்துக்கொண்டு குத்தகைக்குக் கொடுக்கிறது. இரண்டும் கைக்காசைக் கொடுக்காமல் குறிப்பிட்ட பொருளோடு கட்டப்பட்டவை என்பதால், மின்விசிறிக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ கூரைக்கோ வழக்கமான கடனை விட நன்றாகப் பொருந்தக்கூடியவை. இருந்தும் சம்பளச் சான்றும் காணி உறுதியும் கேட்கும் வாசல் இங்கும் அதேதான், ஆசிரியருக்கும் வர்த்தகருக்கும் திறக்கும் அக்கதவு கூலிக்கு வயலில் இறங்குபவருக்குத் திறப்பதில்லை.

நடுத்தர வருமானக்காரரின் நிலை வசதியுள்ளவருக்கும் ஏழைக்கும் இடையில் சிக்கியது. அவரது பட்டியலில் பெரிய பங்கு குளிர்சாதனப் பெட்டிக்கும் மூன்று நான்கு மின்விசிறிகளுக்கும் போகிறது. கடையில் அவர் கேட்பது மாதத் தவணை எவ்வளவு என்பதையே, பொருளின் மாதச் செலவு எவ்வளவு என்பதை எவரும் சொல்வதில்லை. 2007ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த நிலைபேறான சக்தி அதிகார சபையின் நட்சத்திர முத்திரை இதற்காகவே உள்ளது. ஆனால் நட்சத்திரம் ரூபாயில் பேசாத வரை தவணைப் புத்தகமே வெல்லும். தரக் குறியில்லாத பழைய பெட்டியைச் சகாய விலைக்கு வாங்கும் வீடு அந்தச் சகாயத்தை மின்சார சபைக்குத் தவணையாகக் கட்டி முடிக்கிறது.

அடுப்படி

மின்சாரத்தையே பேசிக்கொண்டிருந்தால் ஏழை வீட்டின் பெரும்பாலான வலுசக்தி கணக்கில் வராமல் போய்விடும், அது எரிவது அடுப்பில். 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாயிலிருந்து 2,750 ஆகவும், 2022 ஏப்ரலில் 4,860 ஆகவும் ஏறியபோது, விறகை விட்டு வந்திருந்த குடும்பங்கள் விறகுக்கே திரும்பின. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகியது. இறக்காமத்தில் தோட்டத்துக் கொப்பும் தென்னம் மட்டையும் ஆலைகளின் உமியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சாய்ந்தமருதின் ஒடுங்கிய வளவுகளில் விறகும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டம். ஒரே வருமானம் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு ஊர் மாறினால் தடையும் மாறுகிறது.

மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி பானைக்குப் போகாமலே வீணாகும். 1980களில் இலங்கையில் வடிவமைக்கப்பட்டு நாடெங்கும் பரவிய ‘அனகி’ எனும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு, ஒரு தீயில் சோற்றையும் கறியையும் வைக்க இடம் தந்து விறகைக் கணிசமாக மிச்சப்படுத்துகிறது. விலையும் சிறிது. வினைத்திறன் பற்றிய பேச்சில் இது அரிதாகவே இடம்பெறுகிறது. மின்மானியில் தெரியாத சேமிப்புக்கு விளம்பரம் செய்ய எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. புகையைக் குடிப்பவள் வீட்டுச் செலவைத் தீர்மானிக்கும் இடத்தில் இல்லாதபோது அடுப்பை மாற்றுவது பின்தள்ளப்படுகிறது என்பதும் உண்மை, எனினும் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் இவ்வூர்களில் அந்த நிலை பிற இடங்களைப் போல் அவ்வளவு இறுக்கமானதன்று.

அறுவடைக்குப் பின்

இலவசமாகக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநில அனுபவம் ஒரு மறுப்பு. வருமானம் குறைந்த வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு வேலைகளை முற்றிலும் இலவசமாகச் செய்துதர முன்வந்து, வீடு தேடிப் போயும் தொலைபேசியில் அழைத்தும் தூண்டிய பிறகும் ஆறு வீதத்துக்கும் குறைவானவர்களே ஏற்றார்கள் என்று பொருளியலாளர் மூவர் 2015இல் எழுதினர். படிவங்களும் அலைச்சலும் அந்நியர் வீட்டுக்குள் வருவதும் பணத்தில் தெரியாத விலைகள். இந்தியாவின் உஜாலா திட்டம் இதற்கு நேர்மாறாக வென்றது. 2015 ஜனவரியில் தொடங்கிய அத்திட்டத்தில் அரசு நிறுவனம் எல்.ஈ.டி. குமிழ்களை மொத்தமாக வாங்கியதால் கொள்வனவு விலை 310 ரூபாயிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் 38 ரூபாய் அளவுக்கு இறங்கியது. காசு இல்லாதவர் மின் பட்டியலோடு சிறு தவணையாகச் செலுத்த முடிந்தது, பிணை வேண்டியிருக்கவில்லை. மின்விசிறிக்கும் அதே வழி இலங்கையில் திறக்கக்கூடியதே. முப்பது அலகு வீட்டில் மிச்சமாகும் ஒவ்வோர் அலகும் மின்சார சபைக்கு நட்டத்தில் விற்காத ஓர் அலகு என்பதால், அவ்வீட்டின் மின்விசிறியை மாற்றும் செலவில் ஒரு பங்கைச் சபையே ஏற்பது தர்மம் ஆகாது, கணக்கு ஆகும்.

ஊருக்குள் ஏற்கெனவே இயங்கும் நிதி வழிகள் வங்கியை விட வீட்டுக்கு அருகில் உள்ளன. பெண்கள் மாதாமாதம் கட்டும் சீட்டு, திருமண வீட்டுக்கும் நகைக்கும் பயன்படுவது போலவே குளிர்சாதனப் பெட்டிக்கும் பயன்படுகிறது. எந்தப் பெட்டி என்பதை மாற்றுவதற்கு வேண்டியது தகவல் மட்டுமே. இப்பகுதி ஊர்களில் ஸகாத்தைக் கூட்டாகத் திரட்டி வீடு, தொழில், கல்வி உதவியாகக் கொடுக்கும் பைத்துஸ் ஸகாத் அமைப்புகள் உள்ளன, நெல்லின் ஸகாத்தும் அறுவடையோடு சேர்கிறது. வறியவருக்குக் கட்டிக் கொடுக்கும் வீட்டின் கூரைக்கு வெள்ளைப் பூச்சும் சுவருக்குத் துளைக் கற்களும் சேர்ப்பதால் கூடும் செலவு வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. அத்தோடு அங்கே கட்டுபவரும் நன்மை பெறுபவரும் வேறு வேறு என்பது ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதால், தொடர்செலவைக் கணக்கில் எடுக்கும் பொறுப்பும் கட்டுபவரிடம் வெளிப்படையாக நிற்கிறது.

சீதன வீட்டுக்கு இந்த வெளிப்படைத் தன்மை இல்லை. தேசிய அளவில் 2008இலும் பின்னர் திருத்தியும் வெளியிடப்பட்ட வலுசக்தி வினைத்திறன் கட்டிடக் கோவைகள் பெரிய வணிகக் கட்டிடங்களை நோக்கியவை. இறக்காமம் பிரதேச சபைக்கோ கல்முனை மாநகர சபைக்கோ வரும் வீட்டுப் படத்தின் கூரை அவற்றின் பார்வைக்கு வெளியே நிற்கிறது. படம் வரைபவரும் மேசனும் கூரைத் தச்சரும் ஓர் ஊரில் சில பேரே. ஆயிரம் வீட்டுக்காரரிடம் பிரசாரம் செய்வதை விட அந்தச் சிலரின் கைக்கு முன்மாதிரிப் படங்களும் விலைக் கணக்கும் போய்ச் சேர்வது குறைந்த செலவில் நடக்கக்கூடியது. அதற்கு ஒரு காலமும் உண்டு. பெரும்போக அறுவடை மார்ச் அளவில் முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வருகிறது, நின்றுபோன வீட்டு வேலைகள் மீண்டும் தொடங்குகின்றன, மழை இல்லாததால் கூரை பிரிக்கவும் பூசவும் வசதியாக இருக்கிறது, ஏப்ரல் வெயிலுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மின்விசிறித் தவணையும் கூரைப் பூச்சு உதவியும் இரண்டாவது மின்மானிக்கான சலுகையும் நிதியாண்டின் நாட்காட்டியை விட்டு, இந்த வாரங்களைப் பார்த்து வகுக்கப்பட்டால், ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் காசைக் காணும் வேளாண்மைக்காரரும் அவற்றில் சேர முடியும்.